70 மில்லிமீற்றர் டெலஸ்கோப்: நிலாவுக்கு மட்டும் எண்டா வாங்கலாம்

ஒன்லைன்ல ஒருத்தனிட்ட எடுத்தது, 32,000 ரூவா, திருகோணமலைக்கு வந்து சேர 9 நாள். பெட்டியில பெருசா 525 மடங்கு எண்டு போட்டுக் கிடக்கு, நம்பிடாதேங்கோ, 70 மில்லிமீற்றர் கண்ணாடிக்கு 140 தாண்டினா எல்லாம் மங்கல்தான். ஸ்டாண்ட் அதவிட மோசம், உப்புவெளி கடற்கரையில வச்சா கச்சான் காத்துக்கு நிலா நடுங்குது, கடைசியில மண் பையொண்டக் கட்டித் தொங்கவிட்டுத்தான் பாத்தம்.

ஆனா 25 மில்லிமீற்றர் ஐபீஸ் (கண் வச்சுப் பாக்கிற வில்லை) போட்டா 28 மடங்கில முழு நிலாவும் உள்ளுக்க வந்து நிக்கும், சும்மா சொல்லக்கூடா, அவ்வளவு வடிவு. எனக்கு குழியள விட அந்த வெள்ளைதான் விருப்பம், தென்பக்கம் டைக்கோ குழியச் சுத்தி பளீரெண்டு கிடக்கிற மேட்டு நிலம், அதுதான் நிலான்ட முதல் தோல். 450 கோடி வருசம் மட்டில முன்னம் நிலா உண்டான கையோட மேல்பக்கம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஆழத்துக்கு உருகின கல்லாக் கிடந்ததாம், ஆற ஆற முதல்ல ஒலிவின், பைரொக்சின் மாதிரிப் பாரமான கனிமங்கள் கட்டியாகி அடியில இறங்கிட்டுது, முக்கால்வாசி இறுகினாப் பிறகுதான் பிளேஜியோகிளேஸ் எண்ட வெளிறின கனிமம் உண்டானது, அது மிச்சக் குழம்ப விடப் பாரம் குறைவு, மிதந்து மேல சேந்து அனோர்த்தசைட் எண்ட வெள்ளைக் கல்லாப் போச்சு. அம்மாக்கு விளங்கட்டும் எண்டு, அரிசி அரிக்கேக்க கல்லு அடியில உமி மேல வாற மாதிரி எண்டன், "அப்ப நாங்க இவ்வளவு நாளும் உமியத்தானோ பாத்தனாங்கள்" எண்டா. ஓம், 34இலயிருந்து 43 கிலோமீற்றர் தடிப்பில உமி! பாட்டி வடை சுடுற கறுப்பெல்லாம் பிறகு பள்ளங்களுக்க நிரம்பின எரிமலைக் குழம்பு, அப்பிடிப் பாத்தா பாட்டிய விட வெள்ளைதான் கிழவி.

1969ல அப்போலோ 11 கொண்டந்த மண்ணுக்க கிடந்த சின்ன வெள்ளைத் துண்டுகள வச்சுத்தான் இந்தக் கதையே தொடங்கினது, 2023ல சந்திரயான் 3 தென் துருவப் பக்கமா இறங்கி 23 இடத்தில மண்ண அளந்து பாக்க அங்கயும் அதே சாதிதான்.

போயா அண்டைக்கு, அதான் முழு நிலா நாளில, கறுப்பு வெள்ளை வடிவாப் பிரிஞ்சு தெரியும், குழி பாக்க எண்டா அரை நிலா நாளுகளப் பிடியுங்கோ. சனி வளையத்துக்கெண்டு வாங்காதேங்கோ, தெரியும், ஆனா எள்ளளவு. 5க்கு 3 போடுறன். ஸ்டாண்ட மாத்தித் தரச்சொல்லிக் கேட்டதுக்கு "காத்தில்லாத நாளாப் பாத்துப் பாருங்கோ அண்ணை" எண்டு மெசேஜ் போட்டவன், அதுக்கு ஒண்டு வெட்டு.