சென்னையிலிருந்து அண்ணாமலைநகர்: ரயிலா, பஸ்ஸா?

மகளைச் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படிக்கச் சேர்த்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஓயாமல் நடக்கும் வழக்கு இது. மனைவி பஸ் கட்சி, நான் ரயில் கட்சி. இருக்கிற வசதியைப் பார்த்தால் ரயில்தான் என்பேன்.

கட்டணத்தில் ரயில் மலிவு. அதில் பேச ஒன்றுமில்லை. பஸ் புதுச்சேரிக்குள் புகுந்து, கடலூருக்குள் புகுந்து, ஆள் ஏற்றி இறக்கி வரும். அதுவும் தெரிந்ததே.

வழக்கைத் தீர்ப்பது கடைசி இரண்டு கிலோமீட்டர்தான். சிதம்பரத்தில் ரயில் பாதைக்கு மேற்கே கோயில், தேர் வீதிகள், பஸ் நிலையம். கிழக்கே அண்ணாமலைநகர். பஸ்ஸில் வந்தால் ஊருக்குள் இறங்கி, மறுபடி வண்டி பிடித்து, பாதையைத் தாண்டிப் போக வேண்டும். தோளில் ஒரு பை மட்டும் என்றால் டவுன் பஸ்ஸே போதும். ஹாஸ்டலில் சேர்க்கும் நாளில் அப்படியா? டிரங்குப் பெட்டி, கயிறு கட்டிய மெத்தை, வாளிக்குள் திணித்த செருப்பும் சோப்புப் பெட்டியும். மெத்தையைக் கண்டதுமே ஆட்டோ ரேட்டு ஏறிவிடும். ரயிலில் இறங்கினால் வளாகம் பக்கத்திலேயே. பேரம் பேசினாலும் சின்னத் தொகையில் முடியும்.

காலையில் எழும்பூரில் கிளம்பும் சோழன் எக்ஸ்பிரஸ் எங்களுக்குத் தோது. தாம்பரத்திலேயே ஏறிக்கொள்ளலாம், மதியச் சாப்பாட்டுக்கு முன் சிதம்பரம். பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் சாமான்களை வாசல் பக்கம் நகர்த்திவிடுங்கள். வண்டி அதிக நேரம் நிற்காது. இரவு வண்டிகள் விடியும் முன்பே இறக்கிவிடும். பெண்ணைத் தனியாக அதில் அனுப்பிப் பார்த்ததில்லை, அதனால் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மனைவி ஜெயிக்கும் இடமும் உண்டு. ரயிலுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடும். தேர்வு அட்டவணையோ கடைசியில்தான் கைக்கு வரும், அதற்குள் டிக்கெட் தீர்ந்திருக்கும். தீபாவளி, பொங்கல் என்றால் கேட்கவே வேண்டாம். அப்போதெல்லாம் கிளாம்பாக்கம் பஸ் நிலையம்தான் கதி. எங்களைப் போலத் தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்குக் கோயம்பேட்டை விட அது கிட்டத்தில் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊருக்குள் சுற்ற சைக்கிளா, ஸ்கூட்டியா என்று அடுத்த வழக்கு. மேடே இல்லாத டெல்டா பூமி, சைக்கிள் போதும். ஐப்பசி மழையில் செயின் துருப்பிடிக்கும், எண்ணெய் விட்டால் சரி. கடல் உயிரியல் படிக்கிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் துறை பரங்கிப்பேட்டையில். மற்றவர்கள் புது சைக்கிள் வாங்க வேண்டாம். படிப்பு முடித்துக் கிளம்பும் சீனியர்களிடம் கேளுங்கள், பாதி விலைக்குப் படியும். வாங்கும் முன் பிரேக் கட்டையையும் பின் சக்கரக் கம்பிகளையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.