கண்ணாடிக் கூண்டும் ஆத்தங்குடிக் கண்ணாடியும்

அமெரிக்க எழுத்தாளர் நிக்கலஸ் காரின் (Nicholas Carr) 'தி கிளாஸ் கேஜ்' (கண்ணாடிக் கூண்டு) என்ற புத்தகம் வந்தது 2014ல். செல்போனைத் திட்டும் புத்தகங்களோடு சேர்த்து இதை ஓரங்கட்டிவிட வேண்டாம். காரைக்குடிப் பக்கம் பட்டறையோ கணக்கு அலுவலகமோ வைத்துப் புதுப் பையன்களுக்குத் தொழில் பழக்குகிறவர்களுக்கு, நேராக எடுத்துக்கொள்ள இதில் நிறைய இருக்கிறது. நிக்கலஸ் கார் கேட்பது ஒரே கேள்வி: வேலையை மென்பொருள் வாங்கிக்கொண்டால், அதைச் செய்து செய்து வரும் கைப்பழக்கம் யாருக்கு வரும்?

புத்தகத்தின் உயிர் நான்காம் அத்தியாயம். 'ராயல் மெஜஸ்டி' என்ற பயணக் கப்பல் 1995 ஜூனில் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் போகும்போது நான்டக்கெட் தீவுக்குப் பக்கத்தில் மணல்திட்டில் ஏறி நின்றது. ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் கழன்றிருந்தது, அவ்வளவுதான். ஆனால் கருவி நின்றுபோகவில்லை. வேகத்தையும் திசையையும் வைத்துக் கப்பல் இருக்கும் இடத்தை ஊகித்துத் திரையில் காட்டிக்கொண்டே இருந்தது. முப்பது மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கண்ணில் பட வேண்டிய மிதவை படாதபோதும் திரையைத்தான் நம்பினார்கள். கருவி ஒரேயடியாகக் கெட்டிருந்தால் கப்பல் தப்பியிருக்கும்.

சொல் ஜோடிகளை வைத்துச் செய்த சோதனையும் இதே அத்தியாயத்தில்தான் வருகிறது. இரண்டு சொல்லையும் முழுதாக அச்சிட்டுக் கொடுத்தால் எளிதில் மறந்துபோகிறது. இரண்டாவது சொல்லின் முதல் எழுத்தை மட்டும் கொடுத்து மீதியை நிரப்பச் சொன்னால் இன்னும் நன்றாக நினைவில் நிற்கிறது. நம் ஊருக்கு இது புதுச் செய்தி இல்லை. பர்மா, மலேயாவில் செட்டியார்கள் நடத்திய வட்டிக் கடைகளுக்குத் தொழில் பழகப் போன பெட்டியடிப் பையன், மாகாணி (பதினாறில் ஒரு பங்கு) வாய்ப்பாட்டை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, அடுத்தாள் என்ற மூத்த உதவியாளருக்குக் கீழே உட்கார்ந்து பேரேடு எழுதித்தான் வட்டிக் கணக்கு கற்றான்.

இன்றைய கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். 12 அடிக்கு 10 அடி அறை, எட்டு அங்குல ஆத்தங்குடிக் கல் (காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் கையால் வார்க்கும் பூப்போட்ட தரைக்கல்). செயலியில் அளவைத் தட்டினால் 297 என்று வரும். ஒரு சதுர அடிக்கு இரண்டேகால் கல், 120 சதுர அடிக்கு 270, உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்து 297 என்பதைப் பையன் ஒரு தடவையாவது தாளில் போட்டிருக்க வேண்டும். போடாதவன், சுற்றிலும் பார்டர் கல் வரும் வீட்டுக்கும் அதே 297 பூக்கல்லைத்தான் எழுதி அனுப்புவான். ஓரம் முழுக்கப் பூக்கல் மிஞ்சிக் கிடக்கும், பார்டருக்குக் கல் இருக்காது.

கல் வார்ப்பதிலும் காரின் வாதம் பொருந்துகிறது. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் அச்சு, அறை அறையாக வண்ணச் சிமெண்டுக் குழம்பு. அச்சைத் தூக்கிய பிறகு உலர்ந்த மணல்-சிமெண்டைத் தூவி, மேலே ஈரக் கலவை போட்டு மட்டம் செய்கிறார்கள். பூ கீழே கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கும், வார்ப்பவருக்குத் தெரிவது முதுகு மட்டுமே. குழம்பு நீர்த்துப்போனால் அச்சைத் தூக்கும்போதே வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கண்ணாடியில் தூசியோ விரல் ரேகையோ இருந்தால் அப்படியே கல்லின் முகத்தில் விழும். இதெல்லாம் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறி, காய்ந்து, கண்ணாடியைக் கழற்றும்போதுதான் தெரியும். அதுவரை கையை நம்புவதைத் தவிர வழியில்லை. அந்தக் கை சும்மா வந்துவிடாது.

நிக்கலஸ் கார் சறுக்கும் இடமும் இதே பட்டறைதான். விமானி, கட்டடக் கலைஞர், மருத்துவர் என்று மேசை வேலையும் பொத்தான் வேலையும் செய்கிறவர்கள் பக்கமே சாய்கிறார். கடைசி அத்தியாயத்தில் புல் அறுக்கும் அரிவாளின் இன்பத்தைக் கவிதையோடு பாடுகிறார். அழகுதான். நாள் முழுக்கச் சிமெண்டில் ஊறி வெடிக்கும் விரலும், குனிந்து நிமிரும் முதுகும், கல்லுக்கு இவ்வளவு என்று எண்ணித் தரும் கூலியும் அந்தக் கவிதைக்குள் அடங்கவில்லை. கூலி கட்டுப்படியாகாமல் மகனை வேறு வேலைக்கு அனுப்புகிறவரிடம் 'கைத்திறன் போகிறதே' என்று எப்படிச் சொல்வது?

திசை பற்றிய ஆறாம் அத்தியாயம் நன்றாகவே இருக்கிறது. கனடாவின் வடக்குப் பனிப் பகுதியில் உள்ள இக்லூலிக் தீவின் வேட்டைக்காரர்கள் காற்றையும் பனிமேட்டையும் பார்த்து வழி கண்டதும், ஜிபிஎஸ் வந்தபின் அந்தப் பழக்கம் தேய்ந்ததும் அதில் வருகின்றன. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக ஓடும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மேப் கொண்டுபோய் நிறுத்தியது எந்த வாசல் என்று தெரிய, தெருவில் யாரையாவது கேட்கத்தான் வேண்டும்.

வேலை பறிபோவது பற்றிய இரண்டாம் அத்தியாயம் பழசாகிவிட்டது. சாட்ஜிபிடி வருவதற்கு முன் எழுதியது, அங்கங்கே தாண்டிப் போகலாம். ஆங்கிலம் கடினமில்லை. நான்கை முதலில் படித்து, பிறகு ஆறு, அதற்குப் பிறகு ஒன்றிலிருந்து தொடங்கினால் புத்தகம் பாதியில் நிற்காது.