மர எழுத்துப் பெட்டி: ஒன்றாம் வகுப்பில் ஆறு மாதம் புழங்கிப் பார்த்ததில்

போன ஜூனில் பள்ளி திறந்த வாரம், காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் இதை வாங்கினேன். 1,150 ரூபாய், சொந்தக் காசு. "உங்களுக்காக நூறு ரூபாய் குறைச்சுக்கிறேன் டீச்சர்" என்று சொன்ன கடைக்காரர், பில் போடும்போது ஐம்பதுதான் குறைத்தார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் மரச்சில்லுகளுக்குக் காசு தரலாம். கூடவே வரும் பட அட்டைகளுக்கு ஒரு ரூபாய் தரமாட்டேன்.

தேவகோட்டைப் பக்கம் எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் என்னிடம், மொத்தம் 19 பிள்ளைகள். 2022-இல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து வகுப்பு வாரியாக இல்லாமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகத்தான் உட்காருகிறார்கள். அரும்புப் பிள்ளைகளுக்கு எழுத்து கையில் சிக்க வேண்டும். தாள் அட்டை அவர்களிடம் ஒரு பருவம் தாங்காது. இதுவரை கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி எழுதிக்கொண்டிருந்தேன். நம்ம ஊர்ப் பத்திரிகைகள் நல்ல தடிமன், அதில் குறையில்லை. ஆனால் முகூர்த்தம் இல்லாத மாதத்தில் எனக்கு எழுத்துப் பஞ்சம் வந்துவிடும்.

பெட்டியில் 165 சில்லுகள். உயிர் 12, ஆய்தம் ஒன்று, புள்ளி வைத்த மெய் 18, அகர வரிசை (க, ங, ச என்று பதினெட்டும்) இரண்டு செட். கி, கீ, கு, கூ வரிசைகள் நான்கும் முழு எழுத்தாகவே வருகின்றன. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு மட்டும் தனிச் சில்லு. இதைச் செய்தவர் யாரோ, யோசித்துத்தான் செய்திருக்கிறார். கு, சு, டு, து என்று வரிசையாகப் பாருங்கள், உகரம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக வளையும். அதற்குத் தனிக் குறி செய்து ஒட்டவைக்க முடியாது. துணைக்காலும் கொம்புகளும் அப்படியில்லை, எந்த எழுத்தோடும் சேரும். ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என்று மூன்று சில்லை வரிசையாக வைத்தால் கொ. நடுவிலிருக்கும் க-வை எடுத்துவிட்டு ப-வை வைத்தால் பொ. இதை வைத்து மாற்றிப் பார்த்த பிள்ளைக்கு 216 உயிர்மெய்யையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பது நாம் சொல்லாமலே பிடிபடுகிறது.

1978-க்கு முன்னால் இந்தப் பெட்டி இப்படி வந்திருக்காது. அப்போது ணை, லை, ளை, னை நான்கும் யானைத் தும்பிக்கை மாதிரி வளையும். ணா, றா, னா மூன்றுக்கும் துணைக்கால் தனியாக நிற்காது. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆறுக்கும் அதே கதைதான். பெரியார் 1935-லேயே தன் குடி அரசு இதழில் மாற்றிக் காட்டிய அந்த 13 எழுத்துகளை 1978-இல் தமிழக அரசாணை மாற்றிய பிறகுதான் இந்த நான்கு குறிச் சில்லுகள் எல்லா எழுத்துக்கும் பொருந்துகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய கணக்கு நோட்டு கிடைத்தால் அந்த லை-யைப் பாருங்கள், அழகாகத்தான் இருக்கும்.

சரி, குறைக்கு வருகிறேன். பெரிய குறை துணைக்கால்தான். அது ர மாதிரியே இருக்கிறது. ர-வின் காலில் ஒரு சின்னச் சாய்வு உண்டு, அதை அச்சில் ஒட்ட நறுக்கிவிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே கண்ணாடி தேவைப்படுகிறது. ஒரு பையனுக்கு ம, ர, ம் என்று மூன்றை வைத்துக் கொடுத்தேன். விரல் வைத்து நிதானமாகப் படித்தான்: "மாம்." தப்பு என்றேன். மறுபடியும் உற்றுப் பார்த்தான், மறுபடியும் "மாம்." அவன் படித்ததில் தப்பே இல்லை, கண்ணில் பட்டதைச் சரியாகத்தான் படித்திருக்கிறான். அன்று சாயந்திரம் என் மகளுடைய சிவப்பு நகச்சாயத்தை எடுத்து எட்டுத் துணைக்கால்களுக்கும் பூசினேன். மறுநாள் அவனே மரம் என்றான். விலைக்கு வாங்கிய பொருளுக்கு நான் ஏன் சாயம் பூச வேண்டும் என்பது வேறு விஷயம்.

அடுத்தது, மெய் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. தமிழில் பாதிச் சொல் ம்-மில் முடிகிறது, ஒரு ம் எப்படிப் போதும்? படம், மடம், பட்டம் வரை ஓடும். பம்பரம் எழுத உட்கார்ந்தால் நடுவில் ஒரு ம், கடைசியில் ஒரு ம். மாம்பழத்துக்கும் அதே கதி. அரும்புக் குழு இரண்டாகப் பிரிந்து வேலை செய்தால் சண்டைதான். இப்போது பத்திரிகை அட்டையில் ஆறு ம் எழுதிப் போட்டிருக்கிறேன்.

பட அட்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் எழுத்தைப் பார்ப்பதில்லை, படத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். மு-வுக்கு முறம் போட்டிருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில் "சொளகு!" ஔ-வுக்கு ஔவையார் படம். "அப்பத்தா" என்றாள் ஒருத்தி, அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ங-வில் தொடங்கும் சொல் கிடைக்காமல் சங்கு போட்டிருக்கிறார்கள், ஆனால் படத்தைப் பார்த்த பிள்ளை ச என்கிறது. கட்டை விரலால் படத்தை மூடிவிட்டு "இப்போ படி" என்றால் மௌனம். அட்டைக் கட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

உள்ளே இருக்கும் குறிப்புத்தாள் அ-வில் தொடங்கி வரிசையாகப் போகச் சொல்கிறது. நான் ட, ப, ம-வில் தொடங்கினேன். எழுதவும் சுலபம், மூன்றே எழுத்தில் நாலைந்து சொல்லும் கிடைத்துவிடும். அப்புறம், மெய்யை இக், இப், இம் என்று சொல்லிக்கொடுக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அதைச் சில்லோடும் சொன்னால் பிள்ளை அம்மாவை "அ, இம், மா" என்று படிக்கும். ம் சில்லைக் காட்டும்போது நான் உதட்டை மூடி வெறும் முனகல்தான் போடுகிறேன். முதல் வாரம் சிரித்தார்கள், அப்புறம் அவர்களும் முனக ஆரம்பித்தார்கள். செப்டம்பரில் ஒரு பெண் ப, ணி, ய, துணைக்கால், ர, ம் என்று ஆறு சில்லு வைத்து, "டீச்சர், பணியாரம்" என்று கூப்பிட்டாள். நான் அந்தச் சொல்லைச் சொல்லித் தந்ததே இல்லை.

மரம் நல்ல மரம், ஓரமெல்லாம் வழவழப்பு, எழுத்து இன்னும் அழியவில்லை. பெட்டியின் தள்ளுமூடி மட்டும் இரண்டாவது வாரமே போய்விட்டது. இப்போது சில்லுகள் எல்லாம் ஒரு ஓலைக் கொட்டானில் இருக்கின்றன. அதுதான் வசதி, நாலு பேர் ஒரே நேரத்தில் கை விடலாம்.

தொலைந்த சில்லுக்கு மாற்று கிடைக்குமா என்று கடையில் கேட்டேன். "முழு செட்டாத்தான் வரும் டீச்சர்" என்றார். 1,100 ரூபாய் கொடுத்த இடத்தில் இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டதற்குக் காரணம் இருந்தது. நவம்பரில் த் காணாமல் போயிருந்தது. த் இல்லாமல் தாத்தாவும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. கொட்டானைக் கவிழ்த்தோம், பாயை உதறினோம், கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை மணி அடிக்கும் முன்னால் ஒரு பையனின் அப்பத்தா வாசலில் வந்து நின்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லை எடுத்து என் கையில் வைத்தார். "துவரம்பருப்பு டப்பாவுக்குள்ள கெடந்துச்சு டீச்சர். இவந்தான் போட்டுவச்சிருக்கான். கேட்டா, அப்பத்தான்னு எழுத இது வேணும்கிறான்."