1834-ஆம் ஆண்டின் அசல் பதிப்பு என்று இணைய ஏலத்தில் விற்கப்பட்ட கலப்புப் பிரதி: வாங்குவோர் கவனத்திற்கு

அச்சில் இல்லாத பழைய கட்டடக்கலை நூல்களை இணைய ஏலங்களில் வாங்குவோருக்காக இதை எழுதுகிறேன். முழுப் போலியைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினம் அன்று. தலைப்புப் பக்கமும் எழுத்துப் பகுதியும் அசலாகவே இருக்க, படத்தாள்களில் ஒரு பங்கை மட்டும் உருவி எடுத்துவிட்டு, அந்த இடங்களில் நகல்களை வைத்துப் புதிதாகத் தைத்துக் கட்டிய பிரதிதான் ஆபத்தானது. அத்தகைய ஒரு பிரதி எனக்கு அண்மையில் விற்கப்பட்டது.

நூல், ராம் ராஸ் எழுதி 1834-இல் லண்டனில் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டிக்காக வெளியிடப்பட்ட, இந்துக்களின் கட்டடக்கலை பற்றிய ஆங்கில ஆய்வுரை. தஞ்சாவூரில் பிறந்து, பெங்களூரில் நீதிபதியாகப் பணியாற்றிய அவர், மானசாரம் முதலிய சிற்ப நூல்களின் ஏடுகளைத் தேடித் தொகுத்து, அவற்றில் உள்ள கலைச்சொற்களின் பொருளைத் தஞ்சைச் சிற்பி ஒருவரின் தொழிலறிவைத் துணைகொண்டு தெளிந்து, இந்நூலை எழுதினார். அச்சாகி வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். எழுத்துப் பகுதி எண்பது பக்கங்களுக்குள் அடங்கிவிடும். நூலின் உயிர் அதன் 48 படத்தாள்களில் இருக்கிறது: அதிட்டானங்கள் எனப்படும் அடித்தளங்கள், அவற்றுக்குக் கீழே அமையும் உபபீடங்கள், தூண்கள், கருவறையின் மேல் ஒரு தளத்திலிருந்து படிப்படியாக உயரும் விமானங்கள், கோபுரங்கள். நம் கோயில்களின் உறுப்புகளை அளவு விகிதங்களோடு வரைந்து உலகின் முன் வைத்த முதல் அச்சு நூல்களுள் ஒன்று என்பதால், இதன் ஒரு பிரதி சிதைக்கப்படும்போது எனக்குப் பண இழப்பைவிட வேறொன்றுதான் பெரிதாக வலிக்கிறது.

ஏல அறிவிப்பில் 'முதல் பதிப்பு, 48 படங்களும் முழுமையாக, அண்மைத் தோல் கட்டு' என்று இருந்தது. தலைப்புப் பக்கம், முதுகுப்புறம், இரண்டு படத்தாள்கள் ஆகியவற்றின் ஒளிப்படங்கள் தெளிவாகவே இருந்தன. அவை அனைத்தும் அசல் பகுதிகள் என்பது பிரதி கைக்கு வந்த பின்னரே தெரிந்தது. ஏலத்தொகை, அனுப்பும் செலவு, சுங்கவரி, கூரியர் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒன்றரை இலட்சம் ரூபாயைத் தாண்டியது.

என்ன நடந்திருக்கிறது என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது ஓர் ஈரக்கறை. நூலின் கீழ் வெளி மூலையில், பிறை வடிவில், எழுத்துப் பகுதியின் தொடக்கத்திலிருந்தே ஒரு பழைய கறை ஊடுருவிச் செல்கிறது. படத்தாள்களிலும் அது தாளுக்குத் தாள் சிறிது சிறிதாகச் சுருங்கிக்கொண்டே போகிறது. ஆனால் இடையிடையே சில தாள்களில் கறையே இல்லை. அவற்றை அடுத்த தாளில் விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடர்கிறது. நடுவில் உள்ள தாளைத் தொடாமல் நீர் அடுத்த தாளுக்குப் போவதில்லை. கறை இல்லாத தாள்களை எண்ணினேன்: 48-இல் 17.

அந்த 17 தாள்களையும் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸின் கீழ் வைத்துப் பார்த்தபோது, அசல் தாள்களில் அறுபடாமல் ஓடும் கோடுகள் இவற்றில் நுண்புள்ளிகளின் வரிசையாக உடைந்திருந்தன. ஒளிப்படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் முறை 1880-களில்தான் அச்சகங்களில் பரவியது. 1834-ஆம் ஆண்டின் தாளில் அது இருக்க வழியே இல்லை. இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டியதும் இந்தத் தாள்கள் நீலம் கலந்த வெண்மையில் ஒளிர்ந்தன. சுற்றியிருந்த பழைய தாள்கள் மங்கலாகவே இருந்தன. தாளுக்கு வெண்மை கூட்டுவதற்காக இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள்தாம் அப்படி ஒளிரும். பழுப்பு நிறமும் தானாக வந்தது அன்று. ஓரத்தில் கூடுதலாகவும் நடுவில் குறைவாகவும் ஏறியிருக்க வேண்டிய நிறம், தாள் முழுவதும் ஒரே சீராக ஏற்றப்பட்டிருந்தது.

எனக்கு மிகவும் மனவேதனை தந்த சான்று வேறு. பல்லாண்டுகள் ஒன்றோடொன்று அழுந்திக் கிடக்கும் தாள்களில், ஒரு படத்தின் மை எதிர்த்தாளில் நிழல்போலப் பதிந்துவிடுவது உண்டு. இந்தப் பிரதியில், நகல் வைக்கப்பட்ட இடத்துக்கு முந்தைய அசல் தாள்கள் சிலவற்றின் பின்புறத்தில், அங்கே இருந்திருக்க வேண்டிய விமானத்தின் நிழல் மங்கலாகத் தெரிகிறது. அதாவது, இந்த நூல் நெடுங்காலம் முழுமையாகவே இருந்திருக்கிறது. அதன் படங்கள் பிற்காலத்தில்தான் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பிரித்தவர்கள் தெரிந்துதான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சட்டமிட்டு மாட்டினால் அழகாகத் தோன்றக்கூடிய பல தள விமானங்களும் கோபுரங்களும் போய்விட்டன. அதிட்டானங்களின் அடுக்கு வரைபடங்கள் விடப்பட்டிருக்கின்றன. நகலெடுத்தபோது படங்கள் சில மில்லிமீட்டர் சுருங்கியும் இருக்கின்றன. வரைபடத்தை அளந்து படிப்பவருக்கு அந்தத் தாள்களால் பயனில்லை.

பழைய படநூல்களைப் பிரித்துத் தனித்தாள்களாக விற்பது நெடுநாளாக நடந்துவரும் வணிகம்தான். எஞ்சியதை நகலால் நிரப்பி 'முழுமை' என்று விற்பது, அந்த வணிகத்தின் மேல் ஏற்றிய இரண்டாவது மோசடி. அதே விற்பனையாளரின் பக்கத்தில், சட்டமிட்ட 'பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தென்னிந்தியக் கோயில் படங்கள்' தனித்தனியாக விற்பனைக்கு இருந்தன. அவற்றுள் ஒன்றின் ஒளிப்படத்தில், கீழ் வெளி மூலையில் அதே பிறை வடிவக் கறை தெரிகிறது.

விற்பனையாளருக்குச் சான்றுகளோடு எழுதினேன். '48 படங்கள் என்று சொன்னோம், 48 இருக்கின்றனவே' என்பது முதல் பதில். பழைய நூல்கள் உள்ளது உள்ளபடியே விற்கப்படுகின்றன என்பது அடுத்த பதில். பின்னர், முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் ஒரு சிறு தொகையைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். ஏலத் தளமோ, படங்களின் எண்ணிக்கை சரியாக இருப்பதைக் காட்டி விற்பனையாளருக்குச் சார்பாக முறையீட்டை முடித்துவிட்டது. கடன் அட்டை வங்கியிடம் கொடுத்த முறையீடு நிலுவையில் இருக்கிறது.

'பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள்' என்ற சொல்லையும் நம்பி இருந்துவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளைக் கடந்த வரலாற்று மதிப்புடைய பொருள்களைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப முடியாது. 1834 என்று அச்சிட்ட தலைப்புப் பக்கத்தோடு ஒரு நூலை வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்ப முயன்றால், சுங்கத்தில் அதற்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு வாங்கியவர் தலையில்தான் விழும். இதை அறிந்த விற்பனையாளர், இந்திய முகவரிகளுக்குத் தாராளமாகத் 'திருப்பியனுப்பும் வசதி' அளிக்கலாம்.

மற்ற நூல்களிலும் இத்தகைய ஏமாற்றுகள் உண்டு. கட்டடக்கலை வரலாற்றறிஞர் ஃபெர்குசனின் இந்தியக் கட்டடக்கலை வரலாறு 1876-இல் ஒரே தொகுதியாக வந்தது. 1910-இல் திருத்தப்பட்டு இரண்டு தொகுதிகளாக வந்த பதிப்பையும் அதன் மறுபதிப்புகளையும் 'முதல் பதிப்பு' என்று அறிவிப்பவர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேயில் 1914-இல் பாரிசில் வெளியிட்ட தென்னிந்தியத் தொல்லியல் நூல் கட்டடக்கலைக்கு ஒன்றும் தெய்வத் திருவுருவங்களுக்கு ஒன்றுமாக இரு தொகுதிகள் கொண்டது. ஒன்றை மட்டும் விற்கும்போது மற்றொன்றைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். 1983 முதல் வெளிவந்த இந்தியக் கோயில் கட்டடக்கலைக் கலைக்களஞ்சியத்தில் எழுத்து ஒரு புத்தகமாகவும் படங்கள் தனிப் புத்தகமாகவும் இருப்பதால், அங்கேயும் பாதியை முழுமை என்று விற்க இடமிருக்கிறது.

ஏலம் கேட்பதற்கு முன், ஒவ்வொரு படத்தாளின் முன்புறத்தையும் பின்புறத்தையும் தனித்தனியாக ஒளிப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; பின்புறப் படங்களைத் தர மறுத்தால் அந்த ஏலத்தை விட்டுவிடலாம். 'படங்கள் அனைத்தும் அப்பதிப்பின் அசல் தாள்கள், நகல் எதுவும் இல்லை' என்ற வாசகத்தைத் தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே எழுதி வாங்குங்கள். 'முழுமை' என்ற ஒற்றைச் சொல் எதற்கும் உதவாது என்பதை என் முறையீடு காட்டிவிட்டது. ராம் ராஸ் நூலின் 1834 பதிப்பு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விற்பனையாளர் அனுப்பும் படங்களை அதனோடு தாள் எண் வரிசைப்படி ஒப்பிடலாம். புதுக் கட்டு என்பது குற்றம் அன்று, ஆனால் அது தாள் வெட்டப்பட்ட தடத்தை மறைத்துவிடும். ஆகவே அது எப்போது, எதற்காகச் செய்யப்பட்டது என்று கேளுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது தொடக்கத்திலிருந்தே காணொளி எடுங்கள். லென்ஸ் சோதனையை அன்றே முடித்துவிடுங்கள், ஏனெனில் முறையீட்டுக் கெடு கூரியரின் ஒப்படைப்புப் பதிவிலிருந்தே ஓடத் தொடங்குகிறது.

விமானம் அல்லது கோபுரம் வரைந்த பழைய தனித்தாளைச் சட்டமிட்ட நிலையில் அண்மையில் வாங்கியவர்கள், அதன் கீழ் வெளி மூலையில் பிறை வடிவக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தாளின் எண்ணையும், முன்பின் ஒளிப்படங்களையும், வாங்கிய ரசீதையும் பத்திரப்படுத்தி எனக்குத் தெரியப்படுத்துங்கள். என்னிடம் உள்ள நிழற்பதிவுகளோடு அவை பொருந்தினால், இரண்டும் ஒரே பிரதியிலிருந்து பிரிக்கப்பட்டவை என்பதை வங்கியிடம் காட்ட முடியும்.