சிறப்புப் பள்ளியா, பங்குப் பள்ளியா? கத்தோலிக்கக் கல்வியில் நாங்கள் எடுத்த முடிவு

அறிவுத்திறன் குறைபாடுள்ள எங்கள் மகளைக் கத்தோலிக்கப் பள்ளியில்தான் சேர்ப்பது என்பதில் எனக்கும் என் கணவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. எவ்வகைப் பள்ளி என்பதை முடிவுசெய்யத்தான் ஓராண்டு பிடித்தது. இத்தகைய குழந்தைகளுக்கென்றே அருட்சகோதரிகள் நடத்தும் சிறப்புப் பள்ளி ஒன்று. அவளுடைய அண்ணன் படிக்கும், எங்கள் பங்கு ஆலயத்தைச் சேர்ந்த பொதுப் பள்ளி மற்றொன்று; பங்குப் பள்ளி எனப்படும் அதில் சிறப்பாசிரியர் ஒருவர் உண்டு. வார நாட்களில் அரசுச் சிறப்புப் பள்ளி, ஞாயிறன்று மறைக்கல்வி (ஆலயத்தில் நடக்கும் சமயப் பாடம்) என்ற மூன்றாவது வழியையும் எண்ணிப் பார்த்துக் கைவிட்டோம். நாங்கள் தேர்ந்தது முதலாவதை என்பதால், இந்த ஒப்பீட்டில் அதன் பக்கம் சாய்வு இருக்கவே செய்யும்.

வகுப்பின் அளவு, ஆசிரியர்களின் பயிற்சி ஆகியவற்றில் சிறப்புப் பள்ளி முந்தும். அருகாமையிலும் தோழமையிலும் பங்குப் பள்ளி முந்தும். ஆவணங்களைப் புரட்டினாலும் விடை கிடைக்காது. உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, சிறப்புக் கவனிப்புத் தேவைப்படுவோருக்கான பள்ளிகளை முக்கியமானவை என்று குறிப்பிடுகிறது. 1994இல் யுனெஸ்கோ மாநாட்டில் சிறப்புத் தேவைக் கல்வி பற்றி வெளியான சாலமான்கா அறிக்கையோ, இக்குழந்தைகளுக்குப் பொதுப் பள்ளியின் கதவு திறந்திருக்க வேண்டும் என்கிறது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் கையாள்வது இக்குழந்தைகளுக்கு மிகக் கடினம். பங்குப் பள்ளியில் சில வாரம் அவளை அமர்த்திப் பார்த்தபோது, சிறப்பாசிரியரின் அறையில் மரச்சட்டத்தில் பூட்டிய துணியில் ஐந்து பொத்தான்களையும் மாட்டிவிட்டு, கழிவறை வாசலில் தன் சட்டையின் முதல் பொத்தானைப் பிடித்தபடி யாராவது வருவார்களா என்று நின்றிருந்தாள். அந்த ஆசிரியரின் திறமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருடைய பணி அந்த அறையோடு முடிந்துவிடுகிறது. சாப்பாட்டு வேளை ஒருவர் பொறுப்பு, விளையாட்டு வேறொருவர் பொறுப்பு, செபம் இன்னொருவர் பொறுப்பு. சிறப்புப் பள்ளியில் ஒரே கூரையின்கீழ் வகுப்பறை, உணவறை, சிற்றாலயம் மூன்றிலும் அதே மூன்று பேர்தான், அதே சொற்களோடும் அதே சைகைகளோடும் உடன் இருக்கிறார்கள். குழந்தையை முழுமையாக வளர்ப்பது என்று கையேடுகளில் அச்சிடப்படும் சொற்றொடருக்கு நான் கண்ட பொருள் இதுதான்.

புதுநன்மைத் தயாரிப்பில், அதாவது திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாக வழங்கப்படும் மெல்லிய, உலர்ந்த அப்பமான நற்கருணையை முதன்முறை பெறுவதற்கான தயாரிப்பில், இது தெளிவாகத் தெரிந்தது. குழந்தை நற்கருணையைச் சாதாரண அப்பத்திலிருந்து பிரித்தறிந்தால் போதும் என்பது திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1910இல் வகுத்த நெறி. மாற்றுத்திறனாளிகளுக்கு நற்கருணை போன்ற அருளடையாளங்களை எவரும் மறுக்க முடியாது என்று வத்திக்கான் வெளியிட்ட 2020ஆம் ஆண்டின் மறைக்கல்வி வழிகாட்டி நேரடியாகவே சொல்கிறது. எங்கள் சிக்கல் அனுமதியில் இல்லை, நாக்கில் இருந்தது: மெல்லியதாக, உலர்ந்ததாக எது பட்டாலும் துப்பிவிடுவாள். குரு இன்னும் நற்கருணையாக்காத வெறும் அப்பத்தைக் கடுகளவு கிள்ளி உணவறையில் தொடங்கிய அருட்சகோதரி, பிறகு கால் பங்கு, அரைப் பங்கு என்று வளர்த்து, கடைசியில் சிற்றாலயத்தில் முழு அப்பத்துக்கு வந்து சேர்ந்தார். உணவறையில் ஆரவாரம் செய்பவள், பீடத்தருகே குரலைத் தணித்துக் கைகளைக் குவித்தாள். பிரித்தறிதலுக்கு அதைவிடச் சான்று தேவையில்லை என்றார் பங்குத்தந்தை.

பங்குப் பள்ளியை நான் எளிதாக ஒதுக்கவில்லை. பேச்சு வராத குழந்தைக்குப் பேசும் குழந்தைகள் சுற்றிலும் இருப்பது பெரிய வரம். அண்ணனின் நண்பர்கள் அவளைப் பெயர்சொல்லி அழைத்ததை அவள் இன்னமும் தேடுகிறாள். லேசான குறைபாடுள்ள குழந்தையாக இருந்திருந்தால் நான் வேறு முடிவுக்கு வந்திருக்கக்கூடும்.

சிறப்புப் பள்ளியைத் தேர்வோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: துறவற உடையைப் பார்த்துக் கேள்விகளை விழுங்கிவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து வாழ 1964இல் தொடங்கப்பட்ட லார்ஷ் சமூகமே, பலர் புனிதராகப் போற்றிய தன் நிறுவனர் பெண்கள் பலரிடம் தவறாக நடந்துகொண்டதை 2020இல் விசாரித்து வெளியிட்டது. குழந்தையைக் கழிவறைக்கு யார் அழைத்துச் செல்வார்கள், உடன் வேறொருவர் இருப்பாரா, முன்னறிவிப்பின்றி நாங்கள் வரலாமா என்று கேட்டோம். தயக்கமின்றி விடை வந்தது. பதினெட்டு வயதுக்குப் பின் என்ன என்ற கேள்விக்கு மட்டும் அத்தனை தெளிவான விடை வரவில்லை. எங்கள் மகளுக்கு இப்போது பதினொன்று என்பதால் அதுபற்றி அனுபவமாகச் சொல்ல என்னிடமும் ஏதுமில்லை.

நான் புகழ்ந்த அந்த ஒரே கூரைக்கும் ஒரு விலை உண்டு. புதுநன்மைக்கு அடுத்த ஞாயிறன்று எங்கள் பங்கு ஆலயத்தில், பழக்கமில்லாத குருவின் முன் அவள் வாயையே திறக்கவில்லை. அந்த அருட்சகோதரி இரண்டு ஞாயிறுகள் எங்களோடு வந்து வரிசையில் நின்றார். மூன்றாம் ஞாயிறு அவர் வரவில்லை. அவள் அவரைத் திரும்பித் திரும்பித் தேடினாள், பிறகு அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தாள்.