காசா, கானா, அனுமதியில் நிபந்தனையா? விரும்பாத வீட்டுத்திட்டத்திடம் ஊர் கேட்க வேண்டியது

திருகோணமலையில் நிலாவெளி வீதியை ஒட்டிய அலஸ்தோட்டம், உப்புவெளி, சாம்பல்தீவுப் பக்கங்களில் தாழ்நிலத்தை நிரப்பி வீடு கட்டி விற்கும் திட்டம் ஒன்று வருகிறது என்றால், ஊர் முதலில் சொல்வது 'வேண்டாம்' என்பதுதான். அதற்குப் பின்னால் மாரி வெள்ளத்தைப் பற்றிய பயம், கிணற்று நீரைப் பற்றிய பயம், யார் வந்து குடியிருக்கப் போகிறார்கள் என்ற கேள்வி ஆகிய மூன்றும் இருக்கும். வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அரசு குடியமர்த்திய கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டங்களைக் கண்ட மாவட்டத்தில் கடைசிக் கேள்வி எழாமல் இராது. ஆனால் அது அரசியல் மேடையில் பேசித் தீர்க்க வேண்டியது. மதகு கட்டித் தருவதாகச் சொல்லும் நிறுவனத்தால் அதற்குப் பதில் தர இயலாது. ஆகவே, திட்டம் எப்படியும் வரப்போகிறது என்ற நிலையில் ஊர் எதை, எந்த வடிவில் கேட்டால் அது கையில் நிற்கும் என்பதை மட்டும் இங்கே ஒப்பிடுகிறேன்.

பேரமே பேசக்கூடாத இடங்களும் உண்டு. நிரப்பப்படுவது வயற்காணியானால், 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி உரிய அனுமதியில்லாமல் அதை நிரப்ப முடியாது. கடலோரத்திலிருந்து 300 மீற்றருக்குள் வரும் கரையோர வலயத்தில் தனி அனுமதி வேண்டும். இவற்றில் ஓட்டை இருந்தால் எதிர்ப்பதே முறை, சலுகை கேட்பது தவறை மூடி மறைப்பதாகிவிடும். ஓட்டை இல்லாதபோதுதான் சிக்கல். சுற்றாடல் தாக்க மதிப்பீடும், பொதுமக்கள் கருத்துக்கான 30 நாள் அவகாசமும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்ட திட்டங்களுக்கே பொதுவாக விதிக்கப்பட்டவை. ஐம்பது, நூறு வீட்டுத் திட்டத்துக்கு அந்த வாசல் பெரும்பாலும் திறக்காது. ஊரின் கையில் இருப்பது பிரதேச சபைக்குக் கொடுக்கும் ஆட்சேபனைக் கடிதம் ஒன்றே; கூரை ஏற ஏற அதன் மதிப்புக் குறைந்துகொண்டே போகும்.

நிறுவனங்கள் முதலில் நீட்டுவது காசைத்தான். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கில் ஒரு தொகை, விளையாட்டுக் கழகத்துக்குச் சீருடை, கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள் உபயம் என்று அது வரும். கூடவே 'ஆட்சேபனை இல்லை' என்ற கடிதத்தில் கையெழுத்தும் கேட்கப்படும். வெள்ளம் வருவது தாழ்ந்த வளவுகளுக்கு, பணத்தைப் பிரிப்பது சங்க நிர்வாகம். இவ்விரண்டும் ஒரே ஆட்களாக இருப்பது அபூர்வம். கட்டியதைப் பராமரிப்பதற்கான தொகையாக மட்டும் காசைக் கேட்பது நியாயம் என்பது என் எண்ணம்.

கட்டித் தருவதில் பொதுமண்டபமா, வடிகானா என்ற போட்டி வரும். மண்டபம் கண்ணுக்குத் தெரியும், பெயர்ப்பலகை வைக்கலாம், திறப்புவிழா நடத்தலாம். பிறகு மின்கட்டணத்தை யார் கட்டுவது, திறப்பு யாரிடம் இருப்பது என்ற வழக்கும் தொடங்கும். வடிகானில் யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் இரண்டு மூன்று அடி கிரவல் கொட்டி உயர்த்திய காணிக்கு அருகில் இருப்பவருக்கு, வடகீழ்ப் பருவ மழை அடித்து ஊற்றும் மார்கழியில், மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே தண்ணீரில் நிற்கும்போது, அந்தக் கான் ஒன்றுதான் பயன் தரும். இங்கே மிக நுணுக்கமாகக் கேட்க வேண்டும். 'கான் அமைத்துத் தரப்படும்' என்ற வரி போதாது. அது எங்கே தொடங்கி எந்த மதகு வழியாக எங்கே விழுகிறது, இரு முனைகளிலும் அடிமட்டம், அதாவது கானின் அடித்தரை நிற்கும் உயரம், எவ்வளவு என்பது வரைபடத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுவனத்தின் எல்லைச் சுவரோடு கான் முடிந்து, அவர்களுடைய தண்ணீரையும் சேர்த்து அயலவர் குசினிக்குள் கொண்டுவந்து விடும். பெரிய வீதியைக் கடக்க வேண்டுமானால் வீதிக்குப் பொறுப்பான நிறுவனத்தின் சம்மதமும் முன்கூட்டியே வேண்டும்.

இன்னொன்று: 'பூங்காவுக்கு இடம் தருகிறோம்' என்பதைக் கொடையாக எண்ணிவிடக் கூடாது. ஒரு ஹெக்டயரைத் தாண்டும் காணியைத் துண்டாடினால், வீதிகள் நீங்கலாகப் பத்து வீதத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும் என்பது 1986 ஆம் ஆண்டின் திட்டமிடல் ஒழுங்குவிதிகளிலேயே வந்துவிட்டது. சட்டப்படி தர வேண்டியதை மேசையில் வைத்து அதற்கு ஈடாக ஊரின் மௌனத்தை வாங்குவது பழைய தந்திரம்.

எதைக் கேட்டாலும், அதை எந்தத் தாளில் வாங்குகிறோம் என்பதே பெரிது. இங்கிலாந்தில் 1990 ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 106 ஆம் பிரிவு, இத்தகைய கடப்பாட்டைக் காணியோடேயே கட்டிவிடுகிறது. காணி கைமாறினாலும் கடப்பாடு போகாது. நம்முடைய சங்கம் நிறுவனத்தோடு எழுதும் உடன்படிக்கை கையெழுத்திட்ட நிறுவனத்தையே கட்டும். ஒரு திட்டத்துக்கென்றே பதிவான கம்பனி, கடைசி வீடு விற்றதும் பெயரளவில்தான் இருக்கும். கான் போகும் நிலத்தையோ பாதையையோ தருவதாகக் கடிதத் தலைப்பில் எழுதிக்கொடுத்தால் அதற்கும் பெறுமதி இல்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி மீதான உரிமை நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும்.

நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அபிவிருத்தி அனுமதிப்பத்திரத்தில் நிபந்தனை விதிக்கலாம் என்பதால், கான், மதகு, கழிவுநீர் ஆகியவற்றை அங்கே ஏற்றுவதே சங்க உடன்படிக்கை, நொத்தாரிசு உறுதி, அனுமதிப்பத்திரம் ஆகிய மூன்றிலும் உறுதியான வழி. கட்டி முடிந்ததும் வாங்க வேண்டிய குடிபுகு சான்றிதழ், சபைகளில் சி.ஓ.சி. என்று சொல்லப்படுவது, அதைச் சரிபார்க்கும் தருணம். ஆனால் இதிலும் ஒரு பலவீனம் உண்டு: சான்றிதழ் மறுக்கப்பட்டால் சபைக்கு அலைபவர் கடன்பட்டு வீடு வாங்கிய குடும்பத்தவர், கட்டி விற்றவர் அல்ல. அவர்களைத் தண்டிக்க எந்தத் தவிசாளரும் துணியமாட்டார். அதனால் முதல் வீட்டுக்குச் சான்றிதழ் கோருவதற்கு முன்பே கான் முடிந்திருக்க வேண்டும் என்ற வரியும், அதற்கொரு வங்கி உத்தரவாதமும் கேட்க வேண்டும். உள்ளூர் மேசன்மாருக்கும் கூலியாட்களுக்கும் வேலை போன்றவை அனுமதிப்பத்திரத்தில் பொருந்தா. அவற்றுக்கு மட்டும் தனி உடன்படிக்கை போதும்.

கையெழுத்திடுவதற்கு முன், கிராம அபிவிருத்திச் சங்கத்தோடு மாதர் சங்கமும் தாழ்ந்த வளவுக்காரரும் வரைபடத்தைப் பார்த்திருக்க வேண்டும். அனுமதி வழங்கப்பட்டதும், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் பிரதியைக் கேட்டு எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கிடைத்த பிரதியில் நீங்கள் பேசிய அடிமட்ட அளவு இல்லையென்றால், அத்திவாரம் வெட்டும் முன்பே சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் போகலாம்.