பின்பக்க மறைப்பு வேலி: 12 வருஷம் கழித்து

வேலி போடுவதென்று முடிவானதும் மரமா, பி.வி.சி.யா, வேறு ஏதாவதா என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். தூணைப் பற்றி மூன்று நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இந்த 12 வருஷத்தில் என்னைப் படாதபாடு படுத்தியது தூண்தான்.

எங்கள் வீட்டின் பின்புறத் தோட்டத்தில் மூன்று பக்கமும் மூன்று விதமான வேலி. திட்டமிட்டுச் செய்ததல்ல, கையில் காசு சேரச் சேரப் போட்டது. இடப்பக்கம் முதலில் மரம். 2 வருஷம் கழித்து வலப்பக்கம் பி.வி.சி. கடைசியாக, 7 வருஷத்துக்கு முன் பின்பக்கம் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை. உயரம் எல்லாம் 6 அடி.

மரம் என்றால், அழுகாமல் இருக்க மருந்தேற்றிய பைன். வந்து இறங்கியபோது பலகையில் ஈரம் இருந்தது. இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடித்து, அட, சுவர் மாதிரி இருக்கிறதே என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கோடையில் ஒவ்வொரு பலகையும் காய்ந்து சுருங்கி, நடுவே பென்சில் நுழைகிற சந்து விட்டுவிட்டது. அந்தப் பக்கத்து நாய் ஒற்றைக் கண்ணை வைத்து எங்களைப் பார்க்கும். மறைப்பு வேலியாம்! பிறகு ஒவ்வொரு சந்தின் மேலும் மெல்லிய பட்டைச் சட்டம் அடித்து மூடினேன். பலகையின் ஓரம் அடுத்த பலகையின் மேல் ஓர் அங்குலம் ஏறி நிற்கும்படி முதலிலேயே அடித்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

8-வது வருஷம், ஒரு பெருங்காற்று ராத்திரிக்கு மறுநாள் காலையில் வேலி உள்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. தூணை மேலே தட்டினால் டங் டங்கென்று கெட்டியான சத்தம். தரையோடு தரையாக ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், ஊறிய ரஸ்க்கில் இறங்குவது போலக் கைப்பிடி வரை உள்ளே போனது.

மரத்தை அழுகவைக்கிற பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. மேலே காற்று உண்டு, ஆனால் மழை பெய்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் மண்மட்டத்தை ஒட்டிய அந்த நாலைந்து அங்குலம்தான். எங்களுக்குப் போட்டுத் தந்தவர் கான்கிரீட்டை மண்மட்டத்துக்குக் கீழேயே நிறுத்தி மேலே மண்ணை மூடியிருந்தார். தூணைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி ஆகி, பெய்த மழையெல்லாம் அதில் தேங்கியிருக்கிறது. குழியின் அடியில் ஜல்லி போட்டு, அதன் மேல் தூணை நிறுத்தி, கான்கிரீட்டைத் தரைக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவாகப் பூசியிருக்க வேண்டும்.

பழைய கான்கிரீட் கட்டியைக் கடப்பாரையால் நெம்பி எடுக்க, தூணுக்கு அரை நாள் ஆனது. முதுகு இன்னும் அதை மறக்கவில்லை. இந்தத் தடவை துத்தநாகம் பூசிய இரும்புத் தூண். பழைய பலகைகளையே அதில் மாட்டினேன், 4 வருஷமாக அசையவில்லை. திருகாணியும் துத்தநாகம் பூசியதாகவோ ஸ்டெயின்லெஸ்ஸாகவோ இருக்கட்டும். மருந்தேற்றிய மரத்தில் உள்ள தாமிரம் சாதா இரும்பு ஆணியைச் சீக்கிரம் அரித்துவிடும்.

காற்றின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 6 அடி உயரம், தூணுக்குத் தூண் 8 அடி என்றால், மணிக்கு 80 கி.மீ. காற்றில், இரண்டு தூண்களுக்கு நடுவே சந்தில்லாத ஒவ்வொரு பகுதியின் மேலும் 130 கிலோவுக்கு மேல் பாரம் விழும். வேகம் இரட்டிப்பானால் பாரம் நாலு மடங்கு. அதனால் தூணின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போகட்டும்.

பி.வி.சி.யைப் பராமரிப்பது சுகம். நிழல் விழும் பக்கம் பச்சைப் பாசி பிடிக்கும், சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும். ஆனால் வெயிலில் நீளும். 8 அடிக் குறுக்குச் சட்டம் 30 டிகிரி வித்தியாசத்துக்கு 4 மில்லிமீட்டர் வரை நீளும். எங்களுக்கு இடம் விடாமல் இறுக்கிப் பொருத்திவிட்டார்கள், மத்தியானமானால் வில்லாக வளைந்து நிற்கும். எல்லாவற்றையும் கழற்றி நுனியை அறுத்த பிறகுதான் நிமிர்ந்தது. இன்னொன்று, குளிர்ந்தால் உடையும். ஒரு பனிக்காலக் காலையில் புல்வெட்டி தெறிக்கவிட்ட கல் ஒரு பலகையில் ஓட்டை போட்டது. மரமென்றால் ஒரு துண்டை வெட்டி ஒட்டலாம். இதில் முழுப் பலகையையும் மாற்ற வேண்டும், அந்த மாடல் வருவதே நின்றுவிட்டது. வேறு மாடலில் வாங்கிப் போட்டேன். வெள்ளையில் இத்தனை வெள்ளை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கலப்புப் பலகையை ‘பராமரிப்பே வேண்டாம்’ என்று சொல்லி விற்கிறார்கள். நம்பாதீர்கள். உள்ளே இருப்பதும் மரத்தூள்தான், நிழலில் கரும்புள்ளி பூக்கிறது. முதல் வருஷம் நிறம் ஒரு படி வெளுத்து, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. பலகை கனம், ஆனால் தன்னைத் தானே தாங்கும் உறுதி குறைவு. தூணுக்குத் தூண் தூரம் கூடினால் நடுவில் தொய்யும். இரும்புத் தூணை நெருக்கி நட்டதால் என்னுடையது நேராக நிற்கிறது. பார்க்க எது அழகு என்று கேட்டால் இதுதான்.

தகரம், மூங்கில் இரண்டையும் நான் போடவில்லை. தெரிந்தவர்கள் வீட்டில் பார்த்ததுதான்: தகரம் காற்றுக்குத் தடதடக்கிறது, பந்து பட்டால் நெளிகிறது. பதப்படுத்தாத மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்கு வண்டு வந்து, தரையெல்லாம் தூள் கொட்டுகிறது.

இன்றைக்கு முதலிலிருந்து போடுவதென்றால் இரும்புத் தூண், மேலே மரப்பலகை. ஒன்று கெட்டால் அந்த ஒன்றை மட்டும் என் கையாலேயே மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான் காரணம்.

மிச்சம் இருப்பது வேலிக் கதவு. சாய்வுச் சட்டம் கீழ்க் கீலின் பக்கத்திலிருந்து தாழ்ப்பாளின் மேல்மூலைக்கு ஏற வேண்டும், அப்போதுதான் கதவின் பாரத்தைத் தாங்கும். நான் தலைகீழாக அடித்து வைத்திருக்கிறேன். இப்போதைக்குக் கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்துகிறோம்.